தொப்புள்கொடி இரத்தம் எடுத்துச் சேமிப்பது: கொழும்பில் பிள்ளை பெறப்போகும் குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிள்ளை பிறந்து, கொடியை வெட்டி, நஞ்சுக்கொடியும் தட்டுக்கு வந்த பிறகு ஒரு அப்பா பிரசவ அறைக் கதவைத் தட்டினார். கையில் கொடி இரத்தம் எடுக்க வங்கி கொடுத்த ரெஜிஃபோம் பெட்டி. "மிஸ், இதைக் கொடுக்க மறந்துபோனேன்." கொடியைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே இரத்தம் உறைந்து கட்டி கட்டியாக உருண்டது. அந்தப் பெட்டிக்காக அவர் கட்டிய முற்பணமும் அதோடு போயிற்று.

கொழும்பில் பிரசவ அறைத் தாதியாக இருந்த வருடங்களில், ஊசி குத்தத் தெரியாமல் கெட்டுப்போன கொடி இரத்தத்தைக் குறைவாகத்தான் பார்த்தேன். முன்கூட்டிச் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டதால் போனதுதான் அதிகம். எடுக்கிற வேலைக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்கு முன்னால் மூன்று மாத வேலை இருக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. யாருக்காக என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கொடி இரத்தத்தில் இருப்பவை இரத்தத்தை உண்டாக்கும் மூல உயிரணுக்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் மஜ்ஜை செய்யும் வேலையைத்தான் இவையும் செய்கின்றன. யாருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதைப் பொறுத்து எந்த வங்கி (இந்த இரத்தத்தை உறைய வைத்துச் சேமிக்கும் நிறுவனம்), என்ன பரிசோதனை, எவ்வளவு செலவு என்பதெல்லாம் மாறும்.

வீட்டில் ஏற்கெனவே தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தச்சோகை), இரத்தப் புற்றுநோய் போன்ற நோயுள்ள மூத்த பிள்ளை இருந்தால் காரணம் மிக உறுதியானது. ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளின் திசு வகை, அதாவது எச்எல்ஏ, முழுதாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு. தலசீமியா என்றால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெற்றோர் இருவரும் நோய்க்காவிகளாக, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக, இருந்தால் புதிய பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் சேர்த்தால், பொருந்தவும் வேண்டும், பெரிய நோய் இல்லாமலும் இருக்க வேண்டும் என்பதற்கு 16இல் 3. பிள்ளை வெறும் நோய்க்காவியாக இருந்தால் தடை இல்லை, கொடுக்கலாம்.

நோய் எதுவும் இல்லாத வீட்டில் "பிள்ளைக்கே பின்னால் உதவும்" என்று சொல்லி விற்பார்கள். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பரம்பரை நோய் என்றால் அதே பிழை பிள்ளையின் கொடி இரத்தத்திலும் இருக்கும். சிறுவயதில் வரும் இரத்தப் புற்றுநோய்க்குத் தன் சொந்தக் கொடி இரத்தத்தைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை, ஏனென்றால் நோயின் தொடக்க மாற்றம் பிறக்கும்போதே அதில் இருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொந்தப் பயனுக்காகத் தனியார் வங்கியில் சேமிப்பதற்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என்கிறது. தெரிந்துகொண்டு பணம் கட்டுவது உங்கள் விருப்பம். பயத்தில் மட்டும் கட்டாதீர்கள்.

2. 28 வாரத்துக்குள் டொக்டரிடம் சொல்லுங்கள்

பலர் 37 வாரத்தில்தான் வாயைத் திறக்கிறார்கள். அப்போது வங்கியும் அவசரப்படுத்தும், நீங்களும் படிக்காமல் கையெழுத்திடுவீர்கள். வலி தொடங்கிய பிறகு வாங்கும் சம்மதத்தை முறையான வங்கிகள் ஏற்பதில்லை. அந்த நேரத்தில் ஒரு பெண் எதற்கும் தலையாட்டிவிடுவாள் என்பதுதான் காரணம்.

டொக்டரிடம் இரண்டு கேள்வி போதும். நீங்கள் எடுப்பீர்களா, அல்லது வங்கியின் ஆள் வர வேண்டுமா? இந்த வைத்தியசாலை அதற்கு அனுமதிக்குமா? காஸல் வீதி, டி சொய்சா போன்ற அரச மகளிர் வைத்தியசாலைகளில் பிரசவம் என்றால் இரண்டாவது கேள்வியை முதலில் கேளுங்கள். அங்கே எந்த டியூட்டியில் யார் இருப்பார்கள் என்று உங்கள் டொக்டரே உறுதி சொல்ல முடியாது. வெளி ஆள் உள்ளே வருவதற்கு வைத்தியசாலை நிர்வாகத்தின் எழுத்து அனுமதி தேவைப்படும்.

மூத்த பிள்ளைக்கு நோய் என்றால் அவனைப் பார்க்கும் இரத்தநோய் வைத்தியரிடமும் இப்போதே சொல்லுங்கள். இரத்தத்தை ஒருநாள் கேட்டு வாங்கப்போவது அவர்தான். எந்தத் தரத்தில் வேண்டும் என்று சொல்ல வேண்டியவரும் அவரே.

3. வங்கியிடம் கேட்க வேண்டியவை

விற்பனையாளர் வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்கே வந்து, தேநீர் குடித்து, அழகான புத்தகம் காட்டுவார். புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒப்பந்தத்தைக் கேளுங்கள். முந்தின நாளே அனுப்பச் சொல்லி வாசித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

முதல் கேள்வி, இரத்தத்தைப் பதப்படுத்தும் ஆய்வகம் எங்கே இருக்கிறது? அலுவலகம் கொழும்பில் இருக்கலாம், ஆய்வகம் கடல் தாண்டி இருக்கலாம். அப்படியானால் விமானம், சுங்கம், விடுமுறை எல்லாம் உங்கள் கணக்கில் சேரும்.

இரண்டாவது, கொடி இரத்த வங்கிகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் சர்வதேச அமைப்புகளான ஃபாக்ட் அல்லது ஏஏபிபியின் அங்கீகாரம் இருக்கிறதா? சான்றிதழில் ஆய்வகத்தின் முகவரியும் முடிவுத் திகதியும் இருக்கும். அந்த முகவரி உங்கள் இரத்தம் போகும் இடம்தானா என்று பாருங்கள். தாய் நிறுவனத்தின் வேறொரு நாட்டு ஆய்வகச் சான்றிதழைக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, எடுத்த இரத்தம் போதாவிட்டால் என்ன செய்வீர்கள்? சில ஒப்பந்தங்களில் அளவு குறைந்தாலும் சேமித்து வைத்து வருடக் கட்டணம் வாங்குவார்கள். "குறைந்தால் எங்களுக்கு அறிவித்து, நாங்கள் விரும்பினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்" என்று எழுத்தில் வாங்குங்கள்.

நான்காவது, நிறுவனம் மூடினாலோ விற்கப்பட்டாலோ இரத்தம் எங்கே போகும்? இது வெறும் சந்தேகம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வங்கியிலேயே பிழை நடக்கும். 2023 நவம்பர் கடைசியில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு அங்குள்ள ஒரு தனியார் வங்கியின் 22 தொட்டிகளில் 7 சரியான குளிரில் வைக்கப்படவில்லை என்று அறிவித்தது. ஏறக்குறைய 2,200 வாடிக்கையாளர்களின் சேமிப்பு சேதமானது. தொட்டியின் வெப்பநிலைப் பதிவை யார் பார்க்கிறார்கள், எச்சரிக்கை மணி அடித்தால் இரவில் யார் வருவார்கள் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஐந்தாவது, இதுவரை எத்தனை பைகளைச் சிகிச்சைக்கு வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்? எத்தனை சேமித்தோம் என்ற எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே திரும்பக் கேளுங்கள்.

4. தாயின் விபரமும் தாயின் இரத்தமும்

வங்கி ஒரு நீண்ட கேள்வித்தாள் தரும். குடும்பத்தில் பரம்பரை நோய், முன்பு இரத்தம் ஏற்றியது, மலேரியா உள்ள நாட்டுக்குப் போனது, பச்சை குத்தியது என்று போகும். மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு நிரப்பாதீர்கள். பல பெண்கள் உண்மையை எழுதாமல் விடுவது அங்கேதான்.

பிறகு தாயின் இரத்தம் சில குழாய்களில் எடுக்கப்படும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், எச்டிஎல்வி, சிஎம்வி என்ற வைரஸ்கள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். "கிளினிக்கில் எச்ஐவியும் விடிஆர்எல்லும் (சிபிலிஸ் பரிசோதனை) ஏற்கெனவே பார்த்தார்களே" என்று எல்லோரும் கேட்பார்கள். உண்மைதான், அந்தப் பரிசோதனைகள் இங்கே எல்லாத் தாய்மாருக்கும் நடக்கின்றன. ஆனால் அவை மாதங்களுக்கு முந்தியவை. வங்கிக்கு வேண்டியது பிரசவத்துக்கு முன்னோ பின்னோ 7 நாட்களுக்குள் எடுத்த இரத்தம், ஏனென்றால் கடைசி மாதங்களில் தொற்று வந்திருந்தால் பழைய அறிக்கை அதைச் சொல்லாது.

எடுக்க நல்ல நேரம் கெனுலா போடும்போதுதான், சேலைன் ஏற்றுவதற்கு முன். சேலைன் நிறைய ஏறிய பிறகு எடுத்தால் இரத்தம் நீர்த்துப்போய்ப் பரிசோதனை பிழைக்கலாம். ஊசியும் ஒன்று மிச்சம்.

5. பெட்டி வீட்டுக்கு வந்ததும்

அன்றே திறந்து பாருங்கள். உள்ளே உறையாமல் தடுக்கும் திரவம் கொண்ட இரத்தப் பை, தாயின் இரத்தத்துக்கான குழாய்கள், லேபல்கள், படிவம், வெப்பத்தைத் தாங்கும் ஜெல் பொதி ஆகியவை இருக்க வேண்டும். பையின் வெளி உறையை மட்டும் திறக்காதீர்கள், கிருமியில்லாத உறை அது. காலாவதித் திகதி பிரசவத் திகதிக்குப் பின்னால் இருக்க வேண்டும். பிள்ளை இரண்டு வாரம் பிந்தலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பெட்டியை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. "இரத்தப் பெட்டி" என்று கேட்டதும் அம்மம்மாக்கள் கை ஃப்ரிட்ஜுக்குத்தான் போகும். ஒரு வீட்டில் தயிர்ச்சட்டிக்கும் புளிப் போத்தலுக்கும் நடுவே இருந்து எடுத்து வந்தார்கள். காரின் டிக்கியிலும் வேண்டாம், காலி வீதியில் மத்தியானம் நிறுத்திய காருக்குள் அடுப்புப்போல இருக்கும். வெயில் படாத அலுமாரித் தட்டு போதும்.

பிரசவப் பையோடு சேர்த்து வையுங்கள். பெட்டியின் மேல் தடித்த பேனாவால் தாயின் பெயர், டொக்டரின் பெயர், வங்கியின் 24 மணிநேர எண் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.

6. பிரசவ அறைக்குச் சொல்வது

அதிகம் தவறுவது இந்தப் படியில். டொக்டருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், ஆனால் கொடியை வெட்டும் நேரத்தில் அங்கே நிற்கும் தாதிக்குத் தெரியாது. டியூட்டி மாறும்போது வாய்ச்சொல் அப்படியே விழுந்துபோகும். எனவே வாட்டில் அனுமதித்தவுடன் உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் "கொடி இரத்தம் எடுக்க வேண்டும், பெட்டி கூட இருக்கிறது" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை மேசையை விட்டு நகராதீர்கள்.

பெட்டியை அனுமதி நேரத்திலேயே தாயோடு உள்ளே அனுப்புங்கள். அப்பா வெளியே வைத்துக்கொண்டு காத்திருப்பது வேண்டாம். இரண்டாம் மூன்றாம் பிரசவங்கள் சில நேரம் அப்பா கன்டீனில் இருந்து திரும்புவதற்குள் முடிந்துவிடும்.

சீசர் என்றால் தியேட்டர் தாதிக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். தியேட்டருக்கு வேறு ஆட்கள், வேறு மேசை. கிருமியில்லாத மேசையில் வைக்கத் தகுந்த உறையில் அந்தப் பை வந்திருக்கிறதா என்று அவர் முன்பே பார்த்துக்கொள்வார். பிரசவ அறைக்குச் சொன்னது தியேட்டருக்குப் போய்ச் சேரும் என்று நம்பியிருந்த ஒரு தம்பதியின் பெட்டி, கீழ் மாடியில் அப்படியே கிடந்தது.

வங்கியின் கூரியருக்கு இரண்டு முறை அழையுங்கள். வலி தொடங்கியதும் ஒன்று, பிள்ளை பிறந்ததும் ஒன்று.

7. கொடியை எப்போது கிளாம்ப் போடுவது

பிள்ளை பிறந்த உடனே கொடியைக் கட்டாமல், ஒரு நிமிடத்துக்கு முந்தாமல் காத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 80 மில்லிலீற்றர் இரத்தம் நஞ்சுக்கொடியில் இருந்து பிள்ளைக்குள் போகிறது, மூன்று நிமிடத்தில் 100 அளவு. பிள்ளையின் முதல் மாதங்களுக்கு வேண்டிய இரும்புச் சத்து அதில் இருக்கிறது.

பைக்கு வர வேண்டியதும் அதே இரத்தம்தான். காத்திருந்தால் பை குறையும், காத்திருக்காவிட்டால் பிள்ளைக்குக் குறையும். இதை யாரும் உங்களுக்கு மறைக்கக் கூடாது. அமெரிக்க மகப்பேற்று வைத்தியர்களின் சங்கம் 2019இல் தெளிவாகவே சொன்னது, சேமிப்புக்காகக் கொடி கட்டும் நேரத்தை மாற்ற வேண்டாம் என்று. நோயுள்ள மூத்த பிள்ளைக்காக எடுக்கும்போது மட்டும் இதைத் தனியாக, முன்கூட்டியே, டொக்டரோடு பேசி முடிவெடுங்கள். கட்டில் பக்கத்தில் நின்று "டொக்டர், சீக்கிரம் வெட்டுங்கோ" என்று ஒரு அப்பா சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது அவர் சொல்லக்கூடிய விஷயமே இல்லை.

எடுக்காமல் விட வேண்டிய நேரங்களும் உண்டு. பிள்ளை குறைமாதம், தாய்க்குக் காய்ச்சல் அல்லது தொற்று, பனிக்குட நீர் நாற்றம் அடிக்கிறது, தாய்க்கு இரத்தப்போக்கு, பிள்ளை அழவில்லை. இரட்டைப் பிள்ளைகள் என்றால் இரண்டாவதும் பிறந்து முடியும்வரை கொடியில் கை வைப்பதில்லை. "விடுகிறோம்" என்று டொக்டர் சொன்னால் அதோடு சரி.

8. எடுக்கும் ஐந்து நிமிடம்

இந்தப் பகுதி எடுக்கப்போகும் தாதிக்கோ மிட்வைஃபுக்கோ. பெற்றோரும் வாசிக்கலாம், என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் குறையும். தாய்க்கும் பிள்ளைக்கும் வலி இல்லை, ஊசி போவது வெட்டிய கொடிக்குள்.

நஞ்சுக்கொடி வெளியே வருவதற்கு முன்பே எடுப்பது நல்லது. கருப்பை சுருங்கும்போது அதுவே இரத்தத்தைத் தள்ளிக்கொடுக்கும். தாயின் இரத்தப்போக்கைத் தடுக்க வழக்கமாகப் போடும் ஒக்ஸிடோசின் ஊசியை இதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. சீசரில் நஞ்சுக்கொடியை வெளியே எடுத்துத் தட்டில் உயரமாக வைத்து, கொடியைத் தொங்கவிட்டும் எடுக்கலாம். ஆனால் அப்போது நிமிடங்கள் ஓடுகின்றன, உறைவு முந்திக்கொள்ளும்.

கிளாம்புக்கு மேலே ஒரு சாண் நீளத்தை அயடின் கொண்டோ குளோர்ஹெக்ஸிடின் கொண்டோ துடையுங்கள். துடைத்த உடனே குத்தாதீர்கள், காய விடுங்கள். கிருமியைக் கொல்வது மருந்து காயும் அந்த நேரம்தான். பிரசவ அறையில் கொடி மலத்தாலும் நீராலும் அழுக்கான இடம். இங்கே கஞ்சத்தனமாகத் துடைத்த பையில் பிறகு கிருமி வளர்ந்து, ஆய்வகத்தில் இருந்து கடிதம் வரும்.

கொடியில் மூன்று குழல்கள் இருக்கும். சுருண்டு தடித்த சின்னது இரண்டும் தமனிகள், அகலமாக, மெல்லிய சுவரோடு நீலமாகத் தெரிவது நாளம். ஊசி அதற்குள். முதல் குத்து கிளாம்புக்குக் கிட்ட இருக்கட்டும். தவறினால் நஞ்சுக்கொடிப் பக்கமாக மேலே போய் இன்னொரு முறை குத்த இடம் இருக்கும். மேலே தொடங்கினால், அந்த ஓட்டைக்குக் கீழே உள்ள இடம் பயனில்லாமல் போகும்.

பை தாழ்வாக இருக்க வேண்டும். என் முதல் நாள், பழக்கதோஷத்தில் பையைச் சேலைன் கம்பியில் மாட்டிவிட்டு ஏன் இரத்தம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சீனியர் மிஸ் ஒன்றும் பேசாமல் பையைக் கழற்றி என் முழங்காலுக்குக் கீழே பிடித்தார். சர்ரென்று இறங்கியது. இரத்தம் தன் பாரத்தில் இறங்குகிறது, இழுக்க எதுவும் இல்லை.

இறங்கும்போது பையை மெதுவாக இடமும் வலமும் சாய்த்துக்கொண்டே இருங்கள். திரவத்தோடு கலக்காத இரத்தம் ஒரு மூலையில் உறைந்துவிடும். குலுக்க வேண்டாம். கொடியைப் பசு கறப்பதுபோலப் பிழியவும் வேண்டாம், செல்கள் உடையும், கட்டியும் பைக்குள் போகும். கொடி வெளுத்து, தட்டையாகி, மடிந்தால் முடிந்தது என்று அர்த்தம்.

அளவு அறியத் தராசு இருந்தால் நல்லது. நிறைந்த பையின் எடையில் இருந்து, திரவத்தோடு கூடிய வெறும் பையின் எடையைக் கழியுங்கள். ஒரு மில்லிலீற்றர் இரத்தம் ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேல். 60இல் இருந்து 100 மில்லிலீற்றர் வந்தால் நல்ல பை. 40க்குக் கீழே என்றால் வங்கிக்கு உடனே சொல்லுங்கள்.

ஊசிக் குழாயை இரண்டு இடத்தில் இறுகக் கட்டி, ஊசியை மூடியில் பூட்டி, அப்புறம்தான் பையைக் கீழே வையுங்கள். கசிந்தால் கிருமி நுழையும்.

9. லேபல்: கட்டில் பக்கத்திலேயே

தாயின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளை பிறந்த நேரம், இரத்தம் எடுத்த நேரம், எடுத்தவரின் கையெழுத்து. இவ்வளவும் தாய் படுத்திருக்கும் இடத்திலேயே எழுதி ஒட்ட வேண்டும். மேசைக்குக் கொண்டுபோய் எழுதினால் இரண்டு பிரசவம் ஒரே நேரத்தில் நடந்த இரவில் பைகள் மாறும்.

நம் பெயர்களில் இன்னொரு சிக்கல். லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அடையாள அட்டையில் ஒன்று, கடவுச்சீட்டில் ஒன்று, கிளினிக் அட்டையில் சிங்களத்தில் எழுதியதை யாரோ ஆங்கிலமாக்கிய மூன்றாவது. அதோடு முதலெழுத்து அப்பாவுடையதா கணவருடையதா என்ற குழப்பம் வேறு. பையில் ஒரு எழுத்துக்கூட்டலும் தாயின் குழாயில் இன்னொன்றும் இருந்தால், அவை ஒரே ஆளுடையவை என்று ஆய்வகம் நம்பாது. நம்பவும் கூடாது. அடையாள அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். அதன் பிரதி ஒன்றைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டால் தாதியும் அதைப் பார்த்தே எழுதுவார்.

10. கொழும்பில் இருந்து ஆய்வகம் வரை

இரத்தம் எடுத்த நிமிடத்தில் இருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. 48 மணி நேரத்துக்குள் அது பதப்படுத்தப்பட்டு உறைநிலைக்குப் போய்விட வேண்டும் என்று திட்டமிடுங்கள். குடும்பத்துக்காக எடுப்பதற்கு ஃபாக்ட் தரம் 72 மணி நேரம் வரை இடம் தருகிறது, அதை அவசரத்துக்கு மட்டும் வைத்திருங்கள். நேரம் போகப் போக உயிரோடு உள்ள செல்கள் குறையும்.

வெப்பநிலை 15இல் இருந்து 25 பாகைக்குள் இருக்கட்டும். கொழும்பில் பகலில் 30 பாகை சாதாரணம், எனவே "அறை வெப்பநிலை" என்ற சொல்லை நம்பி மேசையில் விட்டுவிடாதீர்கள். ஏசி போட்ட அறையிலோ மூடிய பெட்டிக்குள்ளோ இருக்கட்டும். அதற்காக ஐஸ் போடவும் வேண்டாம். நேராக ஐஸ் பட்ட செல்கள் உடைந்துவிடும். எந்த ஜெல் பொதியை எப்படி வைக்க வேண்டும் என்று பெட்டியோடு வந்த தாள் சொல்லும், அதை அப்படியே செய்யுங்கள்.

அடுத்த எதிரி நாட்காட்டி. வெள்ளிக்கிழமை இரவு பிறந்த பிள்ளை, சனி, ஞாயிறு, திங்கள் போயா. அல்லது வெசாக் வாரம், பந்தல் பார்க்கும் கூட்டத்தில் வீதி அடைத்துக் கிடக்கும். பிரசவத் திகதிக்கு முன்னும் பின்னும் மூன்று வாரத்துக்கு விடுமுறைகளைக் குறித்து, அந்த நாட்களில் கூரியர் வருமா என்று வங்கியிடம் இப்போதே கேளுங்கள். ஆய்வகம் வெளிநாட்டில் என்றால் கட்டுநாயக்கவில் இருந்து எந்த விமானம், சுங்கப் பத்திரம் யார் கையில் என்றும் கேளுங்கள்.

கூரியர் வந்ததும் ஒப்படைத்த நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாயின் இரத்தக் குழாய்களும் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று அந்தக் கணத்தில் பாருங்கள். பை போய், குழாய்கள் வாட்டு மேசையில் கிடந்த கதை ஒன்றல்ல.

11. அறிக்கையை வாசிப்பது

ஆய்வகத்தில் சிவப்பணுவையும் நீரையும் பெருமளவு பிரித்துவிட்டு, டிஎம்எஸ்ஓ என்ற பாதுகாப்புத் திரவம் சேர்த்து, நிமிடத்துக்கு ஒரு பாகை அளவில் மெதுவாகக் குளிர்வித்து, திரவ நைதரசன் தொட்டியில் வைப்பார்கள். தொட்டிக்குள் மறை 150 பாகைக்கும் கீழே. அது அவர்கள் வேலை. உங்கள் வேலை அறிக்கையில்.

பார்க்க வேண்டியது மில்லிலீற்றர் இல்லை, மொத்த உட்கருச் செல்களின் எண்ணிக்கை. நோயாளியின் எடையில் கிலோவுக்கு 2.5 கோடி செல்களாவது வேண்டும் என்பது வழக்கமான அளவு. அப்படியானால் 20 கிலோ பிள்ளைக்கு 50 கோடி, 60 கிலோ ஆளுக்கு 150 கோடி. உங்கள் பை சின்னப் பிள்ளைக்குப் போதும், வளர்ந்தவருக்குப் போதாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து சிடி34 எண்ணிக்கை, மூல உயிரணுக்கள் எவ்வளவு என்பது. பிறகு உயிரோடுள்ள செல்களின் வீதம், கிருமி வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு. "கிருமி வளர்ந்தது" என்று வந்தால் எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்ற விபரத்தையும் வாங்குங்கள். குடும்பப் பையை அதற்காகவே எறிந்துவிடுவதில்லை, வைத்தியர் முடிவு செய்வார். இரத்த வகை மூத்த பிள்ளையோடு ஒத்துப்போகவில்லை என்று சிலர் அழுவார்கள். அது தடை இல்லை, பொருந்த வேண்டியது எச்எல்ஏ.

12. தலசீமியா வீட்டுக்கு மிச்சமிருக்கும் வேலை

புதிய பிள்ளையின் எச்எல்ஏ பரிசோதனைக்குக் கொடி இரத்தத்தில் இருந்தே சிறு மாதிரி எடுக்கலாம், பிள்ளைக்கு ஊசி தேவையில்லை. இதை முன்பே வங்கியிடம் சொல்லியிருந்தால் உறைய வைக்கும்முன் ஒதுக்கி வைப்பார்கள்.

பிள்ளைக்கும் தலசீமியா இருக்கிறதா என்பதை மரபணுப் பரிசோதனையால் பாருங்கள். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் வழக்கமான எச்பிஎல்சி பரிசோதனை பீட்டா தலசீமியாவுக்குப் பிறந்த உடனே சரியாகச் சொல்லாது, அந்த வயதில் எல்லாப் பிள்ளைக்கும் கரு ஹீமோகுளோபின்தான் அதிகம். "இயல்பு" என்ற தாளை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போன பெற்றோர் ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எச்எல்ஏ பொருந்தி, பையில் செல் குறைவாக வந்திருந்தால் அதைத் தூக்கி வீசச் சொல்லாதீர்கள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் அதன் எலும்பு மஜ்ஜையைச் சிறிதளவு எடுத்து, அந்தக் கொடி இரத்தத்தோடு சேர்த்துக் கொடுக்கும் வழி இருக்கிறது. பை முழுதாகவே கெட்டுப்போயிருந்தாலும் பொருந்திய தம்பியோ தங்கையோ வீட்டிலேயே இருக்கிறார், மஜ்ஜை கொடுக்க. அன்று ரெஜிஃபோம் பெட்டியோடு நின்ற அப்பாவுக்கு நான் இதைத்தான் சொன்னேன். அவர் பெட்டியைக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு, பிள்ளையைப் பார்க்க உள்ளே வரலாமா என்று கேட்டார்.